நெய்சாவின் சரிவில் ஆர்னிகா

சுர்செல்வா,
12 ஏப்ரல் 1993

அன்புள்ள உர்சினா அக்காவுக்கு,

நெய்சா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரர் ஜாகெனுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. இரண்டு பசுக்கள் கன்று போட்டிருக்கின்றன. துரி அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? தொலைபேசியில் கூப்பிடாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதே. அது கூடத்தில் இருக்கிறது. நான் பேச ஆரம்பித்தால் மாமியார் பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன் தோட்டத்து மஞ்சள் பூ, அந்த ஆர்னிகாவின் விதை கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு காகித உறையில் கொஞ்சம் போட்டுக் கொடுத்து, "பழசுடி, முளைக்காது, ஆசைக்கு வெச்சுக்கோ" என்றாய். மார்ச்சில் ஆப்பிள் பெட்டிகளில் மண்ணைப் பரப்பித் தூவினேன். மேலே மண் போட்டு மூடுவதற்குள் பசுவுக்கு வலி வந்துவிட்டது என்று தொழுவத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்புறம் மறந்தே போனேன். போன வாரம் பார்த்தால் பெட்டி முழுக்க முளை. மாமியார் குனிந்து பார்த்து, "இதென்ன, கீரையா? சூப்புல போடலாமா?" என்று கேட்டார். ஜாகென் உட்கார்ந்து எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு.

நீ பதினோரு வருடமாக இதோடு மல்லுக்கட்டுகிறவள். கூர் நகரத்தில் போய்த் தோட்டக்கலை படித்தவள். எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அன்புடன் உன் தங்கை,
நெய்சா


கீழ் எங்காடின்,
21 ஏப்ரல் 1993

அன்புத் தங்கை நெய்சாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அவருக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இங்கே இன்னும் வேலியோரம் பனி கிடக்கிறது.

முதலில் ஒன்று கேட்கிறேன். அவை ஆர்னிகாதானா? அந்த விதை நான்கு வருடம் பழையது. அந்த வருடத்து விதையையே ஈரம் பார்த்து, வெளிச்சம் பார்த்து நான் முளைக்க வைத்தால் நூற்றுக்கு முப்பது வரும். உன் பெட்டி மண்ணில் ஏதாவது களை விதை இருந்திருக்கலாம். நான்கு இலை விட்டதும் பார். இலைகள் தரையோடு ஒட்டிப் படிந்து, நடுவே ஐந்து நரம்பு நீளவாட்டில் ஓடி, மெல்லிய முடி இருந்தால் அதுதான். இல்லையென்றால் உன் மாமியார் சொன்னபடி சூப்பில் போடு.

அதுதான் என்றால் கேட்டுக்கொள். மூடாமல் விட்டது சரி. ஆர்னிகா விதைக்கு வெளிச்சம் வேண்டும். நான் அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வருடமும் மூன்று புத்தகமும் ஆயின. நீ மறதியால் செய்திருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உன் கைராசி அப்படி.

ஜூன் கடைசியில் மழை பார்த்து நடு. ஒரு முழ இடைவெளி விடு. எரு போடாதே. எரு போட்டால் புல் ஏறி மூடிவிடும். சுண்ணாம்பு மண் கூடவே கூடாது, அதற்கு அது நஞ்சு. என் கஷ்டமே அதுதான். எங்கள் பக்கம் மலை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பைன் காட்டு மண்ணை அவர் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினார். குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்பு என்று கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து ஊற்றுகிறேன். அத்தனைக்கும் எழுபது செடிதான் நிற்கிறது. உங்கள் பக்கத்து மண்ணில் அந்தத் தொல்லை இல்லை. உனக்கு எதுதான் தொல்லையாக இருந்திருக்கிறது?

நத்தைகளைக் கவனி. ஒரே இரவில் மொட்டை அடித்துவிடும்.

உன் அக்கா,
உர்சினா


சுர்செல்வா,
5 செப்டம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து நரம்பு இருக்கிறது. முடியும் இருக்கிறது. மாமியாருக்குத்தான் ஏமாற்றம்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறதே, புல்கூடச் சரியாக வளராத இடம். மாமனார் அதை ஆட்டுக்குக்கூட உதவாத மண் என்பார். அங்கேதான் நட்டோம். நீ சொன்னபடி ஒரு முழம் விட்டு, மழை பார்த்து. தினமும் விடியற்காலையில் நானும் ஜாகெனும் வாளியோடு போய் நத்தை பொறுக்குகிறோம். நேற்று அவர், "கல்யாணமான புதுசுல இப்படி ஒண்ணா எங்கயாவது போயிருக்கமா?" என்று கேட்டார். சிரிப்பு வந்துவிட்டது.

ஏறக்குறைய எல்லாமே பிழைத்துவிட்டன. உன் கடிதத்தை அடுக்களைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் ஜாகென் அதைக் காட்டி, "இது என் பொண்டாட்டியோட அக்கா எழுதின வேதம்" என்கிறார். கத்தோலிக்க வீட்டில் இப்படிப் பேசலாமா என்று மாமியார் திட்டுகிறார்.

ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நீ இங்கே இரண்டு முறைதான் வந்திருக்கிறாய். அதில் ஒன்று சாவுக்கு.

உன் நெய்சா


கீழ் எங்காடின்,
3 ஜூலை 1994

அன்புத் தங்கைக்கு,

உன் அத்தான் இலான்ஸ் மாட்டுச் சந்தைக்குப் போனவர் உன் வீட்டுக்கும் வந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். சந்தோஷம். நன்றாகக் கவனித்தாயாம்.

திரும்பி வந்து, தொப்பியைக் கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். "அடியே, நீ போய்ப் பாக்கணும். கொட்டாய்க்குப் பின்னால சரிவு பூரா மஞ்சளா நிக்குது. கண்ணு கூசுது. இங்க இருக்கறதெல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல."

"அப்ப அங்கயே தங்கிட வேண்டியதுதான?" என்றேன்.

"நான் பூவச் சொன்னேன்," என்றார்.

"நானும் பூவத்தான் சொல்றேன்."

அதோடு விட்டாரா? பால் கூட்டுறவில் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் போதகரின் மனைவி என்னிடம், "உங்க தங்கச்சி ஆர்னிகா போட்டு ஜமாய்ச்சிருக்காளாமே, நீங்களும் ஏதோ வளக்கறீங்கல்ல?" என்று கேட்டாள். நானும் ஏதோ வளர்க்கிறேனாம். பன்னிரண்டு வருடம்.

என் தோட்டத்தில் இந்த வருடம் நூற்று நாற்பது பூ. அதிலும் பாதியில் ஈப்புழு. நீ கொடுத்தாய் என்று அவர் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்த பூவைத் தம்ளரில் தண்ணீர் ஊற்றி மேஜை நடுவில் வைத்தார். என் பூவை இத்தனை வருடத்தில் ஒருநாள் மேஜையில் வைத்ததில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்பதே எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் வழக்கம்போலத் திருமதி லீன்ஹார்ட் வருவாள். சூரிச்சில் களிம்பு செய்கிறவர்களுக்காகப் பூ வாங்குகிறவள் என்று சொல்லியிருக்கிறேனே, அவள்தான். மலையில் காட்டுப்பூ பறிக்கக் கட்டுப்பாடு வந்தபிறகு, வயலில் வளர்க்கிற ஒருவரோடு நிரந்தர ஏற்பாடு செய்துகொள்ளப் போகிறார்களாம். ஏழு வருடமாக என்னிடம் வந்து, "அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். உன்னைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டாம் என்று உன் அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். அனுபவம் இல்லாத உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்றுதான்.

உர்சினா


சுர்செல்வா,
28 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு முன்பே தெரிந்திருக்கும். திருமதி லீன்ஹார்ட் இங்கே வந்தாள். அத்தான் தொலைபேசியில் ஏதோ பேச்சுவாக்கில் உளறிவிட்டார் போல. நான் அவளிடம், "அக்காவப் பாத்துட்டு வந்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன். இந்த வருடம் நேரமில்லை என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சரிவில் ஏறி வந்து, நல்ல பாவாடையோடு மண்டியிட்டு, ஒரு கை மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தாள். உலர்த்தி வைத்திருந்த பூவில் ஒரு பை வாங்கிக்கொண்டாள். "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றாள். அடுக்களைக்குக் கூட்டிப்போய் உன் கடிதத்தைக் காட்டினேன். அடுத்த ஜூலையில் வந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்று போயிருக்கிறாள்.

கோபப்படாதே. எனக்கு இது வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஒரு கவலை. அவள் போன பிறகு பார்க்கிறேன், இலை ஓரமெல்லாம் லேசாக வெளுத்து மஞ்சளடிக்கிறது. ஜாகென் கடையில் போய் ஏதாவது மருந்து கேட்கட்டுமா என்றார். "அக்காகிட்ட கேக்காம ஒண்ணும் போடக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். என்ன போடலாம், சொல்.

நெய்சா


கீழ் எங்காடின்,
9 செப்டம்பர் 1994

என் அருமைத் தங்கை நெய்சாவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. திருமதி லீன்ஹார்ட் உன்னிடம் வந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. யாருக்குக் கிடைத்தால் என்ன, ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே.

இலை வெளுத்தால் மண்ணில் சத்து குறைந்திருக்கிறது என்று அர்த்தம். கடைச் சரக்கு எதுவும் வேண்டாம். அடுப்புச் சாம்பல் போடு. விறகுச் சாம்பல், சலித்தது. ஒவ்வொரு செடிக்கும் இரண்டு கை, வேரைச் சுற்றி. இலையுதிர்கால மழைக்கு முன்னால் போட்டால் பனிக்காலத்தில் உள்ளே இறங்கிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜாகென் மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன் அன்பு அக்கா,
உர்சினா


கீழ் எங்காடின்,
2 அக்டோபர் 1994

நெய்சா,

சும்மாதான் எழுதுகிறேன். சாம்பல் போட்டுவிட்டாயா? இன்னும் போடவில்லையென்றால் அவசரமில்லை. போடாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

உர்சினா


சுர்செல்வா,
8 அக்டோபர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே ஆரம்பித்துவிட்டோம். எங்கள் அடுப்புச் சாம்பல் போதவில்லை. மாமியார் இரண்டு வீடு ஏறி இறங்கிக் கேட்டு வாங்கி வந்தார், தெருவில் போனவர்களிடமெல்லாம், "எங்க நெய்சாவோட அக்கா சொல்லியிருக்கா, படிச்சவ" என்று பெருமை பேசிக்கொண்டு. அப்படியும் மேல்வரிசைகளுக்கு எட்டவில்லை. ஜாகென் அடுத்த ஊரில் கேட்கிறேன் என்றார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

நீ இவ்வளவு அக்கறையாக இரண்டாவது தடவையும் எழுதியது மனசுக்கு இதமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை என்றால் கேக்காவது அனுப்பு.

நெய்சா


சுர்செல்வா,
7 மே 1995

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பனி உருகியதும் சரிவுக்குப் போனேன். செடிகள் வந்திருந்தன, ஆனால் எலுமிச்சை நிறத்தில். நரம்பு மட்டும் பச்சை. இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றாகச் சுருங்கிவிட்டன. பிடித்து இழுத்தால் கையோடு வருகிறது. வேர் பழுப்பாக, நூல் மாதிரி இருக்கிறது. இருநூற்று அறுபதுக்கு மேல் போய்விட்டது.

ஜாகென் உன்னிடம் கேள் என்கிறார். எனக்குக் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அக்கா, உன்னிடம் விதை கேட்டேனே, அது பூ ஆசையில் இல்லை. அப்பா உன்னைத்தான் படிக்க அனுப்பினார். வீடும் நிலமும் உனக்கு. நான் மலை தாண்டி, மதம் தாண்டி இந்தக் கத்தோலிக்க வீட்டுக்கு வந்தவள். வருடத்துக்கு ஒருமுறை அங்கே வந்து உட்கார்ந்தால், நீ ஆர்னிகாவைப் பற்றிப் பேசுவாய். மண், விதை, ஈ, சூரிச்சிலிருந்து வருகிறவள். மேஜையில் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். என்னிடம் மட்டும், "மாடெல்லாம் சௌக்கியமா?" என்பார்கள். உன்னிடம் இருந்த அந்த ஒன்று எனக்கும் வேண்டும் என்று இருந்தது. உன்னைவிட நன்றாக வர வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன், அதுவும் தேவாலயத்தில். வந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. அத்தான் வந்த அன்று வேண்டுமென்றேதான் அவரைச் சரிவுக்குக் கூட்டிப்போனேன். பூவையும் நானேதான் அவர் பையில் சொருகிவிட்டேன்.

அதற்குத்தான் இது என்று தோன்றுகிறது. அக்காவின் பொருளுக்கு ஆசைப்பட்டதற்குக் கடவுள் சரியாகக் கணக்குத் தீர்த்துவிட்டார்.

திருமதி லீன்ஹார்ட்டுக்கு எழுதிவிட்டேன், என்னிடம் வர வேண்டாம், எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்தது, அவளிடமே போங்கள் என்று. மிச்சமிருக்கிற செடிகளை மண்ணோடு தோண்டி, லாரியில் உன் வீட்டுக்கு அனுப்பலாமா என்று ஜாகெனிடம் கேட்டிருக்கிறேன். எங்கள் மண் உன் தோட்டத்துக்கு ஆகும். மன்னித்துக்கொள்.

உன் தங்கை,
நெய்சா


கீழ் எங்காடின்,
14 மே 1995

நெய்சா,

செடியைத் தோண்டாதே. ஒன்றையும் தொடாதே.

கடவுள் ஒன்றும் செய்யவில்லை. நான் செய்தேன். சாம்பல் முக்கால்வாசி சுண்ணாம்பு மாதிரிதான். ஆர்னிகாவுக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை. அது எனக்குத் தெரியும். உன் இலை ஓரம் வெளுத்தது ஒன்றுமேயில்லை. பூத்து ஓய்ந்த செடி ஆகஸ்டில் அப்படித்தான் இருக்கும். சும்மா விட்டிருந்தால் போதும். அதுவும் எனக்குத் தெரியும்.

போன ஆகஸ்டில் வருடா வருடம் செய்வதுபோல் லீன்ஹார்ட் வருவாள் என்று வால்நட் கேக் செய்து, மேஜை விரிப்பு மாற்றி, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்து வந்து போயிற்று. மூன்றாம் நாள்தான் உன் அத்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "அவங்க உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க போல" என்றார். பிறகு உன் கடிதம் வந்தது. நான்கு முறை படித்தேன். அவள் மண்டியிட்டு மண்ணை முகர்ந்தாள் என்று எழுதியிருந்தாய். என் தோட்டத்தில் அவள் ஒருநாளும் மண்டியிட்டதில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பாள். அந்த வரி என்னை விடவே இல்லை. மாவு பிசையும்போது, பால் காய்ச்சும்போது, ஜெபத்தின் நடுவில். கடைசியில் உட்கார்ந்து சாம்பலைப் பற்றி எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபரில் எழுதினேனே, அப்போது பயந்துவிட்டேன். ஆனால் போடாதே என்று எழுத மனம் வரவில்லை. எழுதினால் ஏன் என்று கேட்பாய். உனக்கு இதமாக இருந்தது என்று பதில் போட்டாய். அந்தக் கடிதத்தை அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தேன்.

நீ பொறாமைப்பட்டதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபிறகு நான் சும்மா இருந்தால், என் பாவத்தையும் நீயே சுமந்துகொண்டு திரிவாய். அதனால் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. லீன்ஹார்ட்டுக்கும் எழுதி, நடந்ததைச் சொல்லிவிட்டேன். உன் செடிக்கு ஒரு குறையும் இல்லை, அழிந்தது என்னால் என்று. அவரிடமும் சொன்னேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. இந்தத் தடவை எனக்குத் தெரிகிறது.

உர்சினா


சுர்செல்வா,
18 ஜூன் 1995

உர்சினாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. தொழுவத்தில் வைத்துப் படித்தேன். இதற்குள் மூன்று கடிதம் எழுதி அடுப்பில் போட்டேன். ஒன்றில் நம் அப்பாவைக்கூடத் திட்டியிருந்தேன்.

என் பொறாமை நானூறு செடி நட்டது. உன் பொறாமை இருநூற்று அறுபதைக் கொன்றது. இரண்டும் ஒன்றுதான் என்று மட்டும் என்னிடம் ஒருநாளும் சொல்லிவிடாதே.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற இல்லை. மூன்று வீட்டு அடுப்பைச் சுரண்டி வந்த அந்தக் கிழவி முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. ஜாகெனிடம், "வயல் எலி வேரைக் கடிச்சிருக்கு" என்று சொன்னேன். அன்று சாயங்காலமே போய் முப்பது பொறி வாங்கி வந்தார். தினமும் காலையில் சரிவில் ஏறி ஒவ்வொரு பொறியாகத் திறந்து பார்க்கிறார். ஒன்றும் இல்லை. இறங்கி வந்து காபியை ஊதிக்கொண்டு, "கெட்டிக்கார எலி, நெய்சா. ஆனா நம்மகிட்ட நடக்காது. இன்னிக்குப் பாலாடைக்கட்டி மாத்தி வெச்சிருக்கேன்" என்கிறார். நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதுகுவலிக்காரர். இருபத்து நான்கு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

லீன்ஹார்ட் எழுதியிருந்தாள். மண்ணை மழை கழுவ இரண்டு மூன்று வருடம் ஆகும், காத்திருக்கிறேன் என்கிறாள். உன்னைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

மேல்வரிசைகளில் நூற்றைம்பது செடி இந்த வாரம் பூவெடுத்துவிட்டன. ஈ முட்டை வைப்பதற்குள் பறிக்க வேண்டும். வைக்கோல் வெட்டும் சமயம், ஆள் கிடைக்கவில்லை. நான் ஒருத்தியாக முடியாது.

வியாழக்கிழமைத் தபால் பேருந்தில் வா. கேக் எதுவும் கொண்டுவராதே. எப்படிப் பறிக்க வேண்டும், எப்படி உலர்த்த வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாதே. நான் பறிக்கிற மாதிரி பறி. மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

ஒரு வாரம் தங்க வேண்டும். காலையில் ஜாகென் பொறிகளைப் பார்த்துவிட்டு வந்து மேஜையில் உட்காருவார். அவருக்கு எதிர் நாற்காலி உனக்கு. அவர் எலியைப் பற்றிச் சொல்வதையெல்லாம் நீ கடைசி வரை கேட்க வேண்டும்.

நெய்சா